தொடாதே ரூம்

அவருக்கு அப்பா அம்மா வெச்ச பேரு ஒண்ணு இருக்கு. ஆனா அதைச் சொல்லி விசாரிச்சா தெருவுல ஒருத்தருக்கும் தெரியாது. டேப்புன்னு கேட்டாத்தான் வீட்டைக் காட்டுவாங்க. எந்நேரமும் இடது கையில ப்ரவுன் டேப் ரோலை வளையல் மாதிரி மாட்டிக்கிட்டுத் திரியற மனுஷன். வீட்டுச் சாமானைக் கட்டி ஏத்திவிடற கம்பெனியில பேக்கிங் மேஸ்திரி. ஊருல பாதிப் பேரோட பீரோவைத் தொறந்து பாத்தவரு. ஆனா பாருங்க, தான் மட்டும் கல்யாணம் ஆனதும் குடி வந்த வீட்டை விட்டு ஒரு தடவகூட மாறினது கெடையாது.

இப்பத்தான் மாறப்போறாரு. அதுவும் பக்கத்துத் தெருவுக்கு இல்ல, கடல் தாண்டி.

காரணம் அவரோட சம்சாரம். ஆஸ்பத்திரியில நர்ஸு. தெருவே அவங்களை நர்ஸம்மான்னுதான் கூப்பிடும். சின்ன வயசுலயே வெளிநாட்டுல வேலை கெடைச்சு, கல்யாணம், கொழந்தைன்னு ஆனதால அந்த வேலையை வேணாம்னு விட்டவங்க. மகளைக் கட்டிக்குடுத்த கையோட அந்த ஊரு பாஷை படிச்சு, பரீட்சை எழுதி, வேலையும் வாங்கிட்டாங்க. "இப்ப இல்லேன்னா எப்பங்க?"ன்னு கேட்டப்ப டேப்பு, "போலாம், போலாம்"னாரு. விசா வந்தப்பவும் அதேதான் சொன்னாரு. டிக்கெட் போட்டப்பவும் அதேதான். வேற ஒரு வார்த்தை அவர் வாயிலேர்ந்து வரல.

டேப்பு தொழில்ல சில சட்டம் வெச்சிருந்தாரு. தட்டைப் படுக்க வெக்கக் கூடாது, நிக்க வெக்கணும். கண்ணாடிச் சாமானுக்கு நடுவுல பேப்பரைத் திணிக்கக் கூடாது, அது நசுங்கிடும். வீட்டுக்காரங்களோட துணியையே சுத்தி வெக்கணும். மூடின பெட்டியை ஆட்டிப் பாத்தா பேசக் கூடாது. பேசினா பேக்கிங் தப்பு.

இன்னொண்ணு இருக்கு, அதுதான் முக்கியம். பேக்கிங் ஆளுங்க கை மிஷின் மாதிரி. கண்ணுல பட்டதெல்லாம் பெட்டிக்குள்ள போயிரும். ஒரு வீட்டுல குப்பைக்கூடையைக் குப்பையோட கட்டி அனுப்பிட்டாங்க, அந்தக் குப்பை ரெண்டு மாசம் கழிச்சு பத்திரமா போய்ச் சேந்துச்சு. இன்னொரு வீட்டுல பெரியவரோட பல்செட்டு. அதனால வேலை தொடங்கும்போதே டேப்பு சொல்லிருவாரு: "கூட எடுத்துட்டுப் போறது, இங்கயே விட்டுட்டுப் போறது, எல்லாத்தையும் பாத்ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டிருங்க." கதவுல 'தொடாதே'ன்னு ஒரு பேப்பரும் ஒட்டிருவாரு. கம்பெனியில அதுக்குப் பேரே தொடாதே ரூம்.

கெளம்பற அன்னிக்குக் காலையில மச்சான் லாரியோட வந்து நின்னான். நர்ஸம்மாவோட தம்பி. டேப்புகிட்டயே தொழில் கத்துக்கிட்டவன், இனிமே மேஸ்திரியும் அவன்தான். பெட்டியெல்லாம் மத்தியானத்துக்குள்ள கப்பல் குடோனுக்குப் போகணும். சாயங்காலம் இவங்களுக்கு ப்ளைட்டு.

"என்னா மாமா, மாப்பிள்ளை மாதிரி நிக்கறீங்க? கோட்டு சூட்டு எங்க?"

"உங்கக்கா போடுவா. நான் பொட்டி தூக்கிட்டுப் பின்னாடி போறேன்."

மச்சான் சிரிச்சுக்கிட்டே ஹால்ல அடுக்கியிருந்த பெட்டியில ஒண்ணைத் தூக்கினான். தூக்கினவன் அப்படியே நின்னான். லேசா ஆட்டினான். உள்ள ஏதோ சரசரன்னுச்சு.

"மாமா, உள்ள என்ன, பேப்பரா?"

"ஆமா. அதுக்கென்ன?"

"நீங்களா பேப்பர் போட்டீங்க? துணி எங்க?"

"கையில பேப்பர் இருந்துச்சு, போட்டேன். ஏத்துடா, நேரமாகுது."

மச்சான் ஏத்தல. இன்னொரு பெட்டியை ஆட்டிப் பாத்தான், அதுவும் சரசரன்னுச்சு. பெட்டி மேல மார்க்கர்ல எழுதியிருந்ததைப் பாத்துக்கிட்டே நடந்தான். அக்கா புடவை, அக்கா புஸ்தகம், சமையல் சாமான், அக்கா செருப்பு. நேரா போய் பாத்ரூம் கதவைத் தொறந்தான்.

உள்ள ஒரு ஆளோட குடித்தனமே இருந்துச்சு. மடிச்சு அடுக்கின சட்டைங்க, பேண்ட்டுங்க, செருப்பு, ஷேவிங் செட்டு, பழைய ரேடியோ, அவர் சாஞ்சு படுக்கற மடக்கு நாற்காலி, போர்வை. ஓரமா ஒரு பையில பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும், நர்ஸம்மா மாத்திக்க ஒரு செட்டு துணியும்.

"அக்கா, இங்க வா."

நர்ஸம்மா கையைத் துடைச்சுக்கிட்டே வந்தாங்க.

"புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சு போற வீட்டை நாங்க நெறையக் கட்டியிருக்கோம்க்கா. போறவங்க சாமான் ஹால்ல இருக்கும். இருக்கறவங்க சாமான் இப்படித்தான் தொடாதே ரூமுக்குள்ள இருக்கும்." அவன் குரல் எறங்கிப்போச்சு. "மாமா கட்டியிருக்கறது அந்த மாதிரி வீடுக்கா."

நர்ஸம்மா உள்ள எட்டிப் பாத்தாங்க. அப்புறம் திரும்பி அவரைப் பாத்தாங்க.

டேப்புக்கு மொகம் வெளிறிப்போச்சு. சத்தியமா அவர் திட்டம் போட்டுப் பண்ணல. சட்டையை எடுக்கும்போதெல்லாம் அப்புறம் கட்டிக்கலாம்னு பாத்ரூம்ல கொண்டுபோய் வெச்சாரு. அப்படியே ஒவ்வொண்ணா வெச்சுட்டாரு. இப்ப மொத்தமாப் பாக்கும்போதுதான் அவருக்கே தெரியுது.

"நான் வேணும்னு பண்ணலம்மா. கை அதுவா பண்ணிருச்சு."

"உங்க கைக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாதா?"

நர்ஸம்மா கத்துவாங்கன்னு மச்சான் ரெண்டடி பின்னாடி நகந்துக்கிட்டான். அவங்க கத்தல. ஒரு காலிப் பெட்டியை இழுத்துப் போட்டு, பாத்ரூமுக்குள்ள போய் அவர் சாமானை அள்ளிக் கொட்ட ஆரம்பிச்சாங்க. அடியில ரேடியோ, அதுமேல செருப்பு, செருப்பு மேல வெள்ளைச் சட்டை. டேப் ரோலை அவர் கையிலேர்ந்து உருவி இழுத்தாங்க. அது அட்டையில ஒட்டாம அவங்க தலைமுடியில ஒட்டிக்கிச்சு.

டேப்பு வாசப்படியில நின்னு துடிச்சாரு. "செருப்பைப் போய்... சட்டை மேலயாம்மா..."

"நீங்க வராதவரு. வராதவருக்கு இதுல பேச்சு இல்ல."

பெட்டியை எப்படியோ மூடினாங்க. மச்சான் தூக்கி ஆட்டினான். உள்ள கடகடன்னுச்சு.

"அக்கா, பெட்டி பேசுது."

"பேசட்டும்டா. மனுஷன்தான் பேச மாட்டேங்கறாரு, பெட்டியாவது பேசட்டும்."

டேப்பு அப்படியே வாசப்படியில உக்காந்துட்டாரு. யாரையும் பாக்காம, வெறும் கையைத் தேச்சுக்கிட்டே சொன்னாரு.

"நீ காலையில டூட்டிக்குப் போயிருவ. நான் என்ன பண்ணுவேன் அங்க? பாஷை தெரியாது. பால் வாங்கப் போனாக்கூட கையக் காட்டணும். இங்க டேப்புன்னா நாலு பேருக்குத் தெரியும். அங்க நான் ஆரு? இதைச் சொன்னா நீ போறதை நிறுத்திருவியோன்னு பயம். ஒரு தடவ எனக்காக நிறுத்தினவதானே நீ. அதான் சொல்லல."

நர்ஸம்மா முடியிலேர்ந்து டேப்பைப் பிச்சு எடுத்துக்கிட்டே பக்கத்துல வந்து உக்காந்தாங்க.

"இந்தத் தடவ நிறுத்த மாட்டேன். நீங்க வரலேன்னாலும் போவேன்."

"ம்."

"போயி, மொத மாசம் பூரா அழுவேன்."

டேப்பு திரும்பிப் பாத்தாரு. "நீயா?"

"பின்ன? பயமெல்லாம் உங்களுக்கு மட்டும்தான் குத்தகையா? என் வயசுல பாதி இருக்கற பொண்ணுங்க எனக்கு வேலை சொல்லித்தரும். டூட்டி முடிஞ்சு வந்து கத்தறதுக்கு ஒரு ஆள் வேணாமா? செவுத்துகிட்டயா கத்துவேன்?"

"கத்தறதுக்குத்தான் நானா?"

"கத்தவும்தான். அப்புறம் இந்தப் பெட்டிங்களை யாரு பிரிப்பா? எதுல கரண்டி இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. கரண்டி இல்லாம நான் அந்த ஊருல என்ன பண்ணுவேன்?"

"நாலாவது பெட்டி," டேப்பு டக்குனு சொன்னாரு. "சமையல் சாமான், இடது ஓரம்."

"அதைத்தான் சொல்றேன்."

மச்சான் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சான். டேப்புக்கும் சிரிப்பு வந்துருச்சு. வந்த சிரிப்பு பாதியில என்னவோ ஆகி, மொகத்தைத் தோள்ல துடைச்சுக்கிட்டாரு. அப்புறம் எந்திரிச்சு, பாக்கெட்லேர்ந்து கட்டரை எடுத்தாரு.

மூடின பெட்டியைத் திரும்பப் பிரிக்கக் கூடாதுங்கறதும் அவரோட சட்டம்தான். சர்ருனு கிழிச்சாரு. அவங்க கட்டின கடகடப் பெட்டியை மொதல்ல. அப்புறம் கண்ணாடி டம்ளர் பெட்டி, பீங்கான் பெட்டி, அவங்க ஆசையா வாங்கின பூ ஜாடி. பேப்பரையெல்லாம் உருவி எறிஞ்சாரு. நீலச் சட்டையில டம்ளரைச் சுத்தினாரு, கோடு போட்ட சட்டையைத் தட்டுக்கு நடுவுல விட்டாரு. பூ ஜாடிக்குள்ள பனியனைத் திணிச்சாரு.

"மாமா, குடோன் மூடிருவான்!"

"வாயை மூடிட்டு டேப்பு ஒட்டுடா. ஒட்டறதுக்கு முன்னாடி ஓரத்தை அமுக்கு. எத்தனை தடவ சொல்றது உனக்கு?"

வேலை செஞ்சு வேர்த்துக் கொட்டுச்சு. போட்டிருந்த சட்டையைக் கழட்டினாரு. முகம் பாக்கற கண்ணாடி ஒண்ணு மிச்சம் இருந்துச்சு, அதுக்கு அதையே சுத்தி உள்ள வெச்சு மூடினாரு. மச்சான் ஒவ்வொரு பெட்டியா தூக்கி ஆட்டிப் பாத்தான். ஒண்ணுகூட மூச்சு விடல.

மடக்கு நாற்காலியும் கடைசிப் பெட்டியும் லாரியில ஏறி, கதவை மூடி, கம்பியும் போட்டாச்சு. அப்பத்தான் நர்ஸம்மா அவரை மேலேர்ந்து கீழ பாத்தாங்க.

"ஏங்க, ப்ளைட்டுக்கு எதைப் போட்டுக்குவீங்க?"

டேப்பு குனிஞ்சு பாத்துக்கிட்டாரு. பனியனோட நின்னாரு. பாத்ரூமுக்கு ஓடினாரு. அவங்க துணி ஒரு செட்டு, பாஸ்போர்ட்டு, டிக்கெட்டு. அவ்வளவுதான். வெளிய வந்து லாரியைப் பாத்தாரு.

"அதைப் பிரிக்கணும்னு மட்டும் சொல்லாதீங்க மாமா, காலைப் பிடிச்சுக் கேக்கறேன்," மச்சான் கையெடுத்துக் கும்பிட்டான். அப்புறம் தலையில அடிச்சுக்கிட்டு, போட்டிருந்த கம்பெனி யூனிபாரத்தைக் கழட்டினான். "இந்தாங்க. மேஸ்திரி சட்டை. உங்களதுதானே."

மாமாவுக்குத் தொப்பை, மச்சானுக்கு அது கெடையாது. நடு பட்டன் ரெண்டு சேரவே மாட்டேன்னுச்சு. முதுகுல பெருசா, 'கவனமாகக் கையாளவும்'னு எழுதியிருந்துச்சு.

நர்ஸம்மா அதைப் படிச்சாங்க, சுத்தி வந்து இன்னொரு தடவ படிச்சாங்க. "இதை அங்க நான் வேலைக்குச் சேர்ற அன்னிக்கே எல்லாருக்கும் காட்டணும்"னு சொல்லி, தொப்பை மேல தெறிச்சுக்கிட்டு நின்ன பட்டன் இடத்துல டேப்பைப் பிச்சு ஒட்டிவிட்டாங்க.

"ஓரத்தை அமுக்கும்மா"ன்னாரு டேப்பு.