‘கெட்’டுக்கு ஒரு பக்கம்

என் மனைவி அகராதி செய்தவள். நான் அதே பதிப்பகத்தில் பிழை திருத்துபவன். அவள் போய் மூன்று வருடம் ஆகிறது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் அவள் எவ்வளவு சாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ‘கெட்’ காலத்தில் எங்கள் வீட்டுப் பக்கம் வராதவர்கள் அவர்கள்.

‘கெட்’ (get) ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கிலம்–தமிழ் அகராதியில் அந்தச் சொல்லுக்கு வந்தபோது, இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தாள். நான்கு மாதம் இழுத்தது. சோப்பு வாங்குகிறோம். வேலை கிடைக்கிறது. காய்ச்சல் வருகிறது. பஸ்ஸைப் பிடிக்கிறோம். கோபம் ஏறுகிறது, சொன்னது புரிகிறது, வெளியே இருட்டுகிறது. இத்தனைக்கும் ஆங்கிலக்காரருக்கு ‘கெட்’ ஒன்றே போதும்.

“ஒரே துடைப்பத்தால வீட்டையும் பெருக்கி, முதுகையும் சொறிஞ்சுக்கறாங்க” என்பாள்.

காலையில் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வந்து நிற்பாள். “ஏங்க, வாங்கும்போது ‘நான்’ வாங்கினேன். கிடைக்கும்போது ‘எனக்கு’க் கிடைச்சுது. பாத்தீங்களா? இந்த ‘நான்’ எவ்வளவு மரியாதையா ஒதுங்கி நிக்குது!”

நுரையோடு தலையாட்டுவேன். பதிப்பகத்தில் விசாரிப்பார்கள்: “என்ன சார், வீட்டுல கெட் எப்படி இருக்கு?” “கெட்டுப்போய்க்கிட்டிருக்கு” என்பேன்.

ஒவ்வொரு பொருளையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, கீழே ஓர் எடுத்துக்காட்டும் எழுதுவாள். வீடு முழுக்கச் சீட்டு. அதனால் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதையும் அதே சீட்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவைத்துவிட்டுப் போவோம். சண்டை உட்பட.

கடைசியில் இருபத்தெட்டுப் பொருள் தேறியது. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி டைப் அடிக்கக் கொடுக்கும் வேலையை என்னிடம் விட்டாள். நான் வீடு முழுக்கத் தேடிப் பொறுக்கினேன். ஒவ்வொரு சீட்டிலும் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

டைப் அடிக்கிற அம்மாவுக்கு மின்னல் என்று பெயர் வைத்திருந்தோம். விரல் அப்படி ஓடும். “கண்ணுல பட்டது கையில வரும். நடுவுல மூளை எதுக்கு?” என்பது அவர் கொள்கை.

மறுநாள் காலை முதலாளி எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். கையில் ‘கெட்’ பக்கங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாசித்தார்.

“பன்னிரண்டு. வாங்கு. ‘துணி சோப்பு வாங்குங்கள். பச்சை உறை. போன தடவை மாதிரி நீலத்தை வாங்கி வந்தால் நீங்களே துவைத்துக்கொள்ளுங்கள்.’ பதிமூணு. வந்து சேர். ‘எத்தனை மணிக்கு வந்து சேர்வீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் குறைந்தா போய்விடுவீர்கள்?’ பதினாலு. புரி. ‘புரிந்தது. இத்தோடு விடு.’” நிமிர்ந்தார். “மேடம், சின்னப் பசங்க படிக்கிற புத்தகம் இது!”

அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையில் மின்விசிறியைப் பார்த்தேன்.

“பதினாலாவது என்னோடது இல்ல சார், அவரோடது” என்றாள். “சீட்டைப் பொறுக்கினதும் அவர்தான். எடுத்துக்காட்டுக்கு நடுவுல புகுந்த வீட்டுச் சீட்டையெல்லாம் எடுத்துடறேன். இருபத்தெட்டு அப்படியே இருக்கும்.”

“இருபத்தெட்டா? நாளைக்கு அச்சுக்குப் போகணும். நாலு வரி. பெறு, அடை, வாங்கு, புரிந்துகொள். மத்த அகராதிக்காரங்க எல்லாம் இதோட நிறுத்திக்கிட்டு சந்தோஷமா இருக்காங்க.”

“நாலு வரின்னா அட்டையில என் பேரைப் போடாதீங்க.”

ஏழு வருட உழைப்பின் மேல் இருந்த பெயர் அது. அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். அவள் கீழுதடு அப்படி மடிந்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

முதலாளிக்கும் ஏதோ உறைத்திருக்க வேண்டும். குரலைத் தணித்தார். “சரி, வேண்டாததைக் கழிப்போம். இருபத்திமூணைப் பாருங்க, ‘வாய்’. வாய்த்தல். இந்தக் காலத்துல யாரு மேடம் இப்படிப் பேசறாங்க? செய்யுளா எழுதறோம்? அதான் ‘கிடை’ இருக்கே.”

“தேடினா கிடைக்கும் சார். தேடாம, கேக்காம, ‘இந்தா பிடி’ன்னு நம்ம தலையில வந்து விழுமே, நல்லதோ கெட்டதோ, அது வாய்க்கிறது. இந்த வித்தியாசம் தெரியாம ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வரக் கூடாது.”

“நான் என் வாழ்க்கையில அந்த வார்த்தையைச் சொன்னதே இல்ல. போதுமா?”

அப்போது மின்னல் உள்ளே வந்தார். “சார், நீங்க காலையில பென்சில்ல போட்ட திருத்தம் எல்லாம் ஏத்திட்டேன்” என்று புதுத்தாளை மேசையில் வைத்தார்.

முதலாளி மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தார். அடியில் நின்றார். கழுத்திலிருந்து காது வரை சிவந்தது. என் தொழிலில் தலைகீழாகவும் படிக்கப் பழகிவிடும். இருபத்தொன்பதாவது பொருளாக அங்கே இப்படி இருந்தது: ‘இந்தம்மாவிடம் இதை யார் சொல்வது? தலைவலி.’

“இது ஓரத்துல எனக்காக எழுதி வச்சது!”

“ஓரம்னு நீங்க சொல்லலையே சார்.”

“ஐயோ, எனக்குன்னு வந்து வாய்ச்சுதே!” என்று முதலாளி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

என் மனைவி பையிலிருந்து ஒரு வெற்றுச் சீட்டை எடுத்தாள். பென்சில் முனையை ஊதினாள். இருபத்திமூன்று என்று எண் போட்டு, நிதானமாக எழுதினாள்.

“எடுத்துக்காட்டு கிடைச்சுதாக்கா?” என்று மின்னல் எட்டிப் பார்த்தார்.

“கிடைக்கலம்மா. வாய்ச்சுது.”

முதலாளி சிரிக்கக் கூடாது என்று எவ்வளவோ முயன்றார். முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “இருபத்தெட்டும் இருக்கட்டும்” என்றார். “ஆனா புத்தகத்துல ஒரு பக்கம்கூட அதிகமாக்க முடியாது. பதினாறு பதினாறு பக்கமா அச்சாகுது. ‘கெட்’டுக்கு ஒரு முழுப் பக்கம் வேணும்னா வேற எங்கேயாவது ஒரு பக்கம் போகணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

அவள் யோசிக்கக்கூட இல்லை. “நன்றியுரை போகட்டும்.”

அந்தப் பக்கத்தை முந்தின வாரம் பிழை பார்த்தவன் நான். ஆசிரியர்கள், நண்பர்கள் எல்லோரும் போக, கடைசியில் எனக்கென்று இரண்டு வரி இருந்தது. பிழை பார்த்ததாக அவளிடம் நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. நாங்கள் அப்படித்தான்.

மாடிப்படி இறங்கும்போது கேட்டாள். “உங்க பேரும் சேந்து போயிடுச்சே. வருத்தமா?”

“நல்லவேளை. அதுல ஒரு பெரிய பிழை இருந்தது.”

“பிழையா?” நடுப்படியில் நின்றுவிட்டாள். “ஒற்றுகூட நான் சரி பாத்தேனே! என்ன பிழை?”

“‘பொறுமையுடன் துணை நின்ற கணவர்’னு போட்டிருந்தே.”

மின்னலிடம் திரும்ப வாங்கி வந்த சீட்டுக் கட்டால் முதுகில் ஒன்று வைத்தாள். நன்றாகவே வலித்தது. ரப்பர் பேண்ட் அறுந்து, இருபத்தெட்டும் வீட்டுச் சீட்டுகளுமாகப் படியெல்லாம் பறந்தன. இருவரும் உட்கார்ந்து பொறுக்கினோம். இந்த முறை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துத்தான் என் கையில் கொடுத்தாள்.