நான்காம் எந்திரம்

அன்று காலை பூத்தையல் பட்டறையில் இருந்தவர்கள்: முதலாளி ஹாஜி அச்செங். அவருடைய அக்கா மகன் கிலாங், கணினியில் பூவேலை வரைபவன். முதல் மூன்று எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் எந்திஸ். நான்காம் எந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் இமாஸ். பிசிறு நூல் வெட்டும் நினிங். பிறகு, மேசைமேல் வயிறு திறந்து கிடந்த கணினி. அதையும் ஓர் ஆளாகச் சேர்க்கலாம். மற்றவர்களுக்கு வேலை கொடுத்தது அதுதான்.

மின்சாரம் இருந்தது. எந்திரங்கள் நான்கும் நின்றிருந்தன. ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு தலை, தலைக்கு ஒன்பது ஊசி. வெள்ளைத் துணி சட்டத்தில் இழுத்துக் கட்டியபடி காத்திருந்தது.

மூன்று நாளுக்கு முன் மழையில் மின்சாரம் போய், வந்து, மறுபடி போனது. அதோடு கணினி எழுந்திருக்கவில்லை. கிலாங் அதன் ஹார்ட் டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி பாண்டுங் நகரத்துக்குப் போனான். பழுது பார்ப்பவர் அதைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு திறந்து காட்டினார். உள்ளே தட்டில் வட்டமாகக் கீறல் விழுந்திருந்தது. ஒன்பது வருடத்துப் பூக்கள், நானூறுக்கு மேல், அதோடு போயின.

"இன்னொரு காப்பி எடுத்து வைடான்னு சொன்னேன்ல?" என்றார் ஹாஜி.

"எடுத்து வச்சேன் மாமா."

"எங்க?"

கிலாங் தரையைப் பார்த்தான். "அதே கம்ப்யூட்டர்ல. வேற ஃபோல்டர்ல."

எந்திஸ் இருமினான். "வீடு எரிஞ்சாலும் பரவால்ல, ரெண்டு சாவியும் வீட்டுக்குள்ளதான் இருக்குங்கிற மாதிரி."

"நீ வாய மூடு."

ஜகார்த்தா வியாபாரிக்கு மூவாயிரம் தொழுகை அங்கி போக வேண்டும், நோன்பு பிறப்பதற்குள். போன வருடம் போட்ட அதே ஆறு பூ. ஒரு பூவை முதலிலிருந்து வரைந்து தையல் போட்டுப் பார்க்க கிலாங்குக்கு நான்கு நாள் ஆகும். எல்லாரும் மனத்தில் பெருக்கிப் பார்த்துவிட்டார்கள். நோன்புக்குள் ஆகாது.

ஹாஜி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "நாளையிலேருந்து யாரும் வர வேணாம். பெருநாள் கழிச்சுப் பாத்துக்கலாம்."

"பெருநாள் கழிச்சா?" என்றாள் நினிங். "அப்ப பெருநாளுக்கு?"

நினிங் கத்தரிக்கோலை மடியில் வைத்து அதன் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

இமாஸ் சுவரைப் பார்த்தாள். நான்காம் எந்திரத்துக்கு மேலே பலகை தொங்கியது: 'வேலை முடிந்ததும் எந்திரத்தில் உள்ள டிசைனை அழிக்கவும். வைத்திருப்பது திருட்டு.' இரண்டு வருடத்துக்கு முன் ஓர் ஆள் பூக்களை எதிர்த்தெரு பட்டறைக்குக் கொண்டுபோனான். அன்று எழுதியது. அதற்குப் பிறகு இந்தக் காவாலு ஊரில் ஒரு பட்டறையும் அவனைச் சேர்க்கவில்லை. இப்போது காய்கறி வண்டி தள்ளுகிறான்.

"நாலாம் நம்பர்ல இருக்கு," என்றாள்.

யாருக்கும் முதலில் விளங்கவில்லை.

"டிசைனு. நான் அழிக்கல. நூத்தி அறுபத்திமூணு இருக்கு. ஜகார்த்தா பூ ஆறும் இருக்கு."

ஹாஜி மெதுவாகத் தொப்பியைப் போட்டுக்கொண்டார். "எத்தன நாளா?"

"பலக மாட்டின நாள்லேருந்து."

எந்திஸ் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"ஏன் அழிக்கல?"

"ஏழாம் தலை நூல் அறுக்கும் ஹாஜியாரே. ஒவ்வொரு பூவுக்கும் எங்க மெதுவா விடணும், எந்த ஊசில எந்த நூல் கட்டணும்னு பாத்துப் பாத்து வைக்கிறது நான். அழிச்சா மறுபடி முக்கா மணி நேரம். அந்த முக்கா மணி நேரத்துக்கு எனக்கு யாரு கூலி குடுத்தா? பீஸுக்குத்தான குடுக்கறீங்க."

"கேட்டிருக்கலாம்ல?"

"மூணு தடவ கேட்டேன். பலகையப் படின்னீங்க."

கிலாங் அதற்குள் எந்திரத்தின் பக்கவாட்டுப் பெட்டித் திரையைத் திறந்துவிட்டான். வரிசையாகப் பெயர்கள் வந்தன: வெண்டைக்காய், பல்வலி, சின்னவள், மழை, நாத்தனார், நாத்தனார் இரண்டு. எட்டெழுத்துக்கு மேல் அந்தப் பெட்டி வாங்காது. அவள் பாஷையில் எட்டெழுத்துக்குள் அடங்கும் பெயர்களாக வைத்திருந்தாள்.

"அக்கா, ஜகார்த்தா பூ ஆறுல முதல் பூ எது?"

"நாத்தனார் ரெண்டு. நாலு பக்கமும் நீட்டிக்கிட்டு நிக்கும். ஒரு மூலைலயும் அடங்காது."

இந்த முறை நினிங்கும் சிரித்தாள்.

"எல்லாத்தையும் பேர் சொல்லித் தரேன்," என்றாள் இமாஸ். "அதுக்கு முன்னாடி பலகைய எறக்குங்க."

ஹாஜி அவளைப் பார்த்தார். வியாபாரி அன்று காலையே இரண்டு தரம் தொலைபேசியில் கூப்பிட்டிருந்தார். ஹாஜி எந்திஸுக்குத் தலையாட்டினார். எந்திஸ் முக்காலிமேல் ஏறிப் பலகையைக் கழற்றி, எழுத்து உள்பக்கம் இருக்கும்படி சுவரில் சாய்த்து வைத்தான். ஆணி மட்டும் அங்கேயே இருந்தது.

நண்பகல் லுஹர் தொழுகை வரை அவர்கள் இருவரும் நின்றபடியே வேலை செய்தார்கள். அவள் சொல்லச் சொல்ல, கிலாங் ஒவ்வொரு பூவையும் பென்டிரைவில் ஏற்றித் தன் மடிக்கணினியில் இறக்கினான். பொரித்த சோயா டெம்பே வந்தது. அவள் கையைத் துடைத்துவிட்டு ஒன்று எடுத்துக்கொண்டாள்.

"தம்பி, ஒண்ணு கேட்டுக்க. பென்டிரைவுல தையல் மட்டும்தான் வரும். எந்த ஊசி எந்தப் பாகத்தத் தைக்கணும்கிற வரிச வராது. அது இந்தப் பெட்டிக்குள்ளதான் இருக்கு. ஒரு தாள்ல எழுதிக்க."

"லேப்டாப்ல கலர் தெரியுதே அக்கா." அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். இலை பச்சை, பூ ஊதா.

"அது அதுவா ஒரு கலர் போட்டுக் காட்டுது. எந்திரத்துக்கு அது தெரியாது. இங்க அழிச்சிட்டா ஒண்ணாம் ஊசிலேருந்து வரிசையாத்தான் எடுக்கும்."

"பாத்துக்கலாம் அக்கா."

தொழுகை முடிந்து ஹாஜி வந்தபோது கையில் ஒரு கடிதம் இருந்தது. கடைசியில் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. அவர் அதை நான்காம் எந்திரத்தின் மேசைமேல் வைத்தார்.

"கையெழுத்துப் போடு. மன்னிச்சிட்டேன். நாளைக்கு வழக்கம்போல வா."

இமாஸ் படித்தாள். மெதுவாகத்தான் படிப்பாள். "'முதலாளியின் டிசைன்களைத் திருடி வைத்திருந்தேன்'னு இருக்கு."

"சும்மா ஒரு பேச்சுக்கு. நாளைக்கு எதிர்த்தெருக்காரன் கூப்பிட்டா நீ போகாம இருக்கணும்ல."

"'வச்சிருந்தேன்'னு எழுதுங்க, போடறேன். 'திருடி'ய எடுங்க."

"ஸ்டாம்பு ஒட்டியாச்சு."

"பேனாவால அடிங்க."

"இமாஸ், உனக்கு வயசு முப்பத்தெட்டு. வேற பட்டறைல நான் ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"சொல்லுங்க. நூத்தி அறுபத்திமூணு பூவத் திருடி, உங்களுக்கே திருப்பிக் குடுத்துட்டுப் போனாள்னு சொல்லுங்க. எவன் நம்புறான் பாப்போம்."

நினிங் குனிந்து வெட்ட நூலே இல்லாத துணியில் நூல் தேடினாள். கிலாங் மடிக்கணினியை மூடினான், மறுபடி திறந்தான்.

"மாமா, அக்கா இல்லன்னா..."

"எல்லாம் ஏத்திட்டியா இல்லியா?"

"ஏத்திட்டேன்."

"அப்ப என்ன?" ஹாஜி திரையைச் சுட்டினார். "என் கண்ணு முன்னாடி அழி. எல்லாத்தையும்."

"அழிக்கிறதுக்கு முன்னாடி தம்பிகிட்ட ஒண்ணு சொன்னேன். அவன் எழுதிக்கல."

"அழின்னேன்."

அவள் கிலாங்கைப் பார்த்தாள். அவன் மாமாவைப் பார்த்தான். அவள் பொத்தானை அழுத்தினாள். 'எல்லாவற்றையும் நீக்கவா?' என்று பெட்டி கேட்டது. அதற்கும் அழுத்தினாள். வெண்டைக்காயிலிருந்து கடைசி நாத்தனார் வரை ஒரே நொடியில் போயிற்று. வெறும் பச்சைத் திரை.

சாப்பாட்டுத் தூக்கையும் குடையையும் எடுத்துக்கொண்டாள். மேசைமேலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். அது அவளுடையது.

"எந்திஸ், நாலாம் நம்பரைப் போடு," என்றார் ஹாஜி.

"எனக்கு மூணு எந்திரம் இருக்கு ஹாஜியாரே. கை ரெண்டுதான்."

"கிலாங், நீ போடு."

கிலாங் பென்டிரைவைச் செருகினான். ஹாஜி வாசலில் நின்று இமாஸின் தூக்கைத் திறக்கச் சொன்னார். மூடியைத் திறந்து காட்டினாள். கொஞ்சம் சோறு ஒட்டியிருந்தது. அடுத்து இடுப்புப் பை. பஸ் சில்லறை. அடுத்து குடை. அதை அவளே விரித்து, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டி மடக்கினாள்.

"போதுமா?"

உள்ளே நான்காம் எந்திரம் ஓடத் தொடங்கியது. அவள் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். பன்னிரண்டு தலையும் ஒன்றாகக் குனிந்து நிமிர்ந்தன. ஒன்றாம் ஊசியில் சிவப்பு நூல். வெள்ளைத் துணியில் பன்னிரண்டு இலை சிவப்பாக வளர்ந்துகொண்டிருந்தது. கிலாங் எந்திரத்துக்கு முதுகைக் காட்டியபடி மடிக்கணினித் திரையில் பச்சை இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்திஸ் துணியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான், பிறகு தன் எந்திரத்துக்கு எண்ணெய் விடப் போனான்.

"என்ன பாக்குற?" என்றார் ஹாஜி.

"ஒண்ணுமில்ல."

அவள் படியிறங்கினாள். பின்னால் கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பூக்கள் ஏறிய மடிக்கணினியை வைத்துப் பூட்டவென்று ஹாஜி அன்று வாங்கிய புதுப் பூட்டு அதில் ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றிப் பூட்டிக்கொண்டது.