கொல்லைப்புறத்துச் சிரட்டை

பண்டாரவளை ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கிய ராயப்பர் மகனைத் தொடவிடவில்லை.

"கிட்ட வராதே. குளிக்கணும்."

மண்டபம் முகாமில், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற ஆள்களோடு அவரையும் அடைத்து வைத்திருந்தார்கள். துணிமணியெல்லாம் கிருமி சாக ஆவியில் போட்டு எடுத்தார்களாம். குளிக்க ஒரே தொட்டியாம்.

"எந்தெந்தச் சாதியோ முங்கி எழுந்த தண்ணியில என்னையும் முங்கச் சொல்றான்டா. சேசு மரி சூசை!"

சொல்லிச் சொல்லி மாட்டு வண்டிக்கு வெளியே துப்பினார். வண்டி பதுளையைத் தாண்டி லுணுகலை மலையில் ஏறிய பிறகும் துப்பல் ஓயவில்லை.

மகன் யேசுரத்தினம் பாதையைப் பார்த்தபடி வந்தான். மனைவி அகஸ்டினா பிள்ளை பெற்ற கட்டிலிலேயே ஜன்னி கண்டு போனதிலிருந்து அவனுக்குப் பேச்சு குறைந்துவிட்டது. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் அவன். திருச்சியில் கல்லூரி படித்தவன். ஆபீசுக்கு வேண்டிய வார்த்தைகளோடு நிறுத்திக்கொண்டான். வீட்டில் பிரகாசி என்ற பச்சைக் குழந்தை. ஊரில் அம்மாவும் போன பின் அப்பா தனியாகக் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்தார். ஆயுசெல்லாம் உபதேசியாராக இருந்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தவர். சொந்தப் பேத்தியைப் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று நினைத்துத்தான் அழைத்து வந்தான்.

பிரகாசிக்குப் பால் கொடுத்தவள் சூசையம்மா. கூலிகளின் வரிசை வீடான லயத்தில் இருப்பவள், கொழுந்து பறிப்பவள், கைக்குழந்தைக்காரி. பசும்பால் ஒத்துக்கொள்ளாமல் பிரகாசி வாந்தியெடுத்து வாடிப் போனபோது, "குடுங்கய்யா" என்று அவளாகவே வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். அன்றுமுதல் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகுமுன் ஒரு முறை, கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும்போதெல்லாம் ஒரு முறை என்று கிளாக்கர் வீட்டுப் பின்பக்கம் வந்து போனாள்.

ராயப்பர் அவளை முதல் நாளே பார்த்துவிட்டார்.

"இவ யாரு?"

"பால் குடுக்கிறவ."

"அது தெரியுது. என்ன ஆளுக?"

யேசுரத்தினம் சொன்னான். அப்பாவின் முகம் புழுத்ததைக் கடித்தவர் முகம் போலாயிற்று.

"நம்ம ஊர்க் கோயில்ல அவங்களுக்கும் நமக்கும் நடுவுல எதுக்குடா சுவர் வெச்சிருக்கு?"

"அவளும் ஞானஸ்நானம் வாங்கினவதாம்ப்பா."

"ஞானஸ்நானம் ஆத்துமாவுக்கு. ரத்தத்துக்கா?"

அதற்குமேல் அவர் சண்டை பிடிக்கவில்லை. "சரி, பிள்ளை பொழைக்கணுமே" என்று பெருமூச்சு விட்டார். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட லயத்துக் கிழவியை மட்டும் இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார். தானே பார்த்துக்கொள்வாராம். தனக்குச் சோறு மகன்தான் பொங்க வேண்டுமாம். யேசுரத்தினம் பொங்கினான். இந்த மட்டில் முடிந்ததே என்றிருந்தது.

மார்கழி மழை பிடித்துக்கொண்டது. பிரகாசியின் நெஞ்சில் கரகரவென்று சத்தம் கேட்கத் தொடங்கியது. தோட்டத்து டாக்டரய்யா மருந்து கலக்கிக் கொடுத்தார். குளிர் படாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கம்பளி சுற்றினார்கள். சத்தம் குறையவில்லை. குழந்தை அழுவதை நிறுத்தியது.

"ஐயா, நான் எப்ப வந்தாலும் பிள்ள தலை ஈரமா இருக்குங்க" என்றாள் சூசையம்மா. "வாயெல்லாம் உப்பு. எனக்கு மாரு எரியுது."

"வேர்வையா இருக்கும்" என்றான் யேசுரத்தினம். அப்போதெல்லாம் யார் சொல்வதும் அவன் மண்டைக்குள் போவதில்லை.

ஒருநாள் மழை வலுத்து மலை வேலையை நிறுத்தினார்கள். ஆபீசிலிருந்து அவனும் சீக்கிரமே வீடு திரும்பினான். வீட்டுக்குள் யாரும் இல்லை. பின்கதவு திறந்திருந்தது.

கொல்லையில், மலையிலிருந்து மூங்கில் பீலியில் விழும் தண்ணீருக்கு அருகே அப்பா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால்மேல் பிரகாசி, பிறந்த மேனியாக. அவர் விரலில் துணியைச் சுற்றி உப்பில் தொட்டு அவள் நாக்கை வழித்துக்கொண்டிருந்தார். வாய் மாதா ஜெபமான பிரியதத்த மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தது. குழந்தை ஓங்கரித்தது, திரிந்த பால் அவர் விரலில் வழிந்தது. மலத்தைப் பார்ப்பதுபோல் பார்த்து உதறினார். பிறகு செம்பு நிறையப் பீலித் தண்ணீரை மொண்டு தலையில் ஊற்றினார். குழந்தையின் உதடு நாவல்பழ நிறத்தில் இருந்தது.

"என்ன பண்றீங்க?"

"தீட்டுக் கழிக்கிறேன். அவ வந்து போறப்பல்லாம் கழிச்சிடுறேன். உனக்குத்தான் அக்கறை கெடையாது." குரலில் பெருமை இருந்தது.

பிள்ளையைப் பிடுங்கினான். கையில் பனிக்கட்டி போலிருந்தது. அப்பாவின் விரலைப் பார்த்ததும் வயிற்றிலிருந்து ஏதோ புரண்டு அவன் தொண்டைக்கு வந்தது.

"செத்துப்போகும்ப்பா."

"செத்தா சம்மனசாச் சிறகு முளைச்சு மோட்சத்துக்குப் போகும். இருந்தா நம்ம சாதியில இருக்கணும்."

"நீங்க மனுசன்தானா?"

"நான் மட்டுமா? அங்க பாருடா."

பின்வாசல் கூரைக் கம்பில் ஒரு தேங்காய்ச் சிரட்டை கவிழ்த்து மாட்டியிருந்தது.

"அவளுக்குத் தேத்தண்ணி எதுல ஊத்துற? நான் வர்றதுக்கு முன்னாடியே அது தொங்குது. உன் பிள்ளைக்கு அவ மாரு வேணும், உன் லோட்டாவுல அவ வாய் படக்கூடாது. பெரிய படிப்புப் படிச்சவன். நீ என்னைக் கேக்குறியா?"

சிரட்டையின் விளிம்பில் சாயம் காய்ந்து, எறும்பு மொய்த்தது. அகஸ்டினா மாட்டிய சிரட்டை அல்ல. அவன் மாட்டியது.

குழந்தையைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு மழையில் இறங்கி நடந்தான்.

லயத்து வாசலில் சூசையம்மாவின் புருஷன் மாணிக்கராஜ் சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தான். சட்டென்று அதை மறைத்தான்.

"கிளாக்கரய்யா லயத்துக்கா? மழைக்கு ஒதுங்கினதுக்கு அரைநாள் கூலி வெட்டவா வந்தீங்க?"

"சூசையம்மா எங்க?"

அவள் எழுந்து வந்தாள். குழந்தையின் தலையைத் தொட்டாள், வாயை முகர்ந்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஈரத்தைத் துடைத்துத் தன் வயிற்றோடு அணைத்து, சேலையையும் கம்பளியையும் சுற்றிக்கொண்டு அடுப்பருகே உட்கார்ந்தாள். பிரகாசிக்குச் சப்பத் தெம்பில்லை. அவள் பீய்ச்சி, துளித்துளியாக வாயில் விட்டாள். பால் கடைவாயில் வழிந்தது.

"தேறுற வரைக்கும் இங்கயே வெச்சுக்க" என்றான்.

"வெச்சுக்கிறேன். நீங்களும் இருங்கய்யா. பெத்தவங்க சத்தம் பிள்ளைக்குக் கேக்கட்டும்."

வெளியே குடையோடு ராயப்பர் வந்து நின்றிருந்தார். முற்றத்துக்குள் காலை வைக்கவில்லை.

"ரத்தினம்! எனக்கு ராச்சோறு யாருடா பொங்குறது?"

பக்கத்து வீட்டுக் காம்பிராவில் யாரோ சிரித்தார்கள். மாணிக்கராஜ் எழுந்து கும்பிட்டான்.

"உள்ள வாங்க பெரியவரே. கஞ்சி சூடா இருக்கு."

ராயப்பர் காறித் துப்பிவிட்டுத் திரும்பி நடந்தார். மழை அதைக் கழுவி வடிகால் காணுக்குள் கொண்டுபோயிற்று.

அடுப்படியில் உட்கார்ந்திருந்த யேசுரத்தினம் எழவில்லை. சூசையம்மா புருஷனுக்குக் கண் காட்டினாள். அவன் தேத்தண்ணி ஊற்றி நீட்டினான்.

"எங்க வீட்டுல செரட்ட இல்லீங்கய்யா" என்றாள் அவள், குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்காமல். "லோட்டாதான்."

வாங்கினான். நெளிந்த பித்தளை லோட்டா, விளிம்பில் பல வாய்கள் பட்ட பளபளப்பு. உதட்டருகே கொண்டுபோனான். குமட்டியது. தேத்தண்ணியில் ஒரு குற்றமும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். அப்பாவின் விரலைப் பார்த்தபோது புரண்ட அதே வயிறுதான் இப்போதும் புரண்டது.

சூசையம்மா இப்போது அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரகாசியின் தொண்டை அசைந்தது. ஒரு துளி உள்ளே இறங்கியது. பிறகு இன்னொன்று.

அவன் கண்ணை மூடிக்கொண்டு, வாய் வைத்து, விழுங்கினான்.