மூணு சீசன் பர்மிட்

"ஏனுங்க, மேல எத்தன நாளைக்கு இருப்போம்?"

"ஒரு சீசன்."

"சீசன்னா?"

"பன்னி பர்மிட் இருக்கற வரைக்கும் புள்ள. பர்மிட் முடிஞ்சா மறுபடி பஸ் ஏற வேண்டியதுதான்."

"அப்ப நம்ம ஊடு எது? மேல இருக்கறதா, கீழ இருக்கறதா?"

கலியாணமான புதிதில், மலைப் பஸ்ஸில் மரியபுஷ்பம் இப்படிக் கேட்டாள். வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டியதால், தலையைப் புருஷன் தோளில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். சூசைமாணிக்கம் ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "கண்ணத் தொற புள்ள. அதோ பாரு, சேலம்" என்றான். சேலம் அடியில் நொறுங்கிய சுண்ணாம்பாகக் கிடந்தது. அவள் பார்த்தாள், பார்த்ததும் வாந்தி எடுத்தாள். பஸ்ஸே சிரித்தது.

எழுபத்தெட்டாம் வருடத்து ஐப்பசியில், ஏற்காட்டு ரேஞ்சர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பேச்சு அவளுக்கு நினைவு வந்தது. தூறலுக்கு முக்காடு போட்டிருந்தாள். மகள் சாந்தாமேரி மடியில் தூங்கினாள். உள்ளே ஆண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் முதுகுகளுக்கு நடுவே சூசைமாணிக்கத்தின் சட்டைக் காலர் மட்டும் தெரிந்தது. அதைத் திருப்பி வைத்துத் தைத்தவள் அவள்தான்.

கொண்டைமேடு எஸ்டேட்டில் துப்பாக்கி முதலாளியுடையது. தோட்டத்தை அழிக்கும் பன்றியைச் சுட வன ஆபீஸ் தரும் பர்மிட் மட்டும், சுடுகிறவன் சூசைமாணிக்கம் பேரில். ஒரு சீசனுக்குத்தான் கொடுப்பார்கள். வெள்ளாமை கண்ணுக்குத் தெரியும்போது ஆரம்பித்து, அது களத்துக்கு வந்ததும் முடியும். அடுத்த சீசனுக்கு, சுடுகிறவன் மறுபடி நேரில் வந்து ரேஞ்சர் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். பர்மிட் உள்ளவரை கூலியும், கூலிக்காரர்களுக்கு வரிசையாய்க் கட்டிய லைன் வீடுகளில் கடைசி வீடும் உண்டு. காப்பிப் பழம் பறித்து முடித்த மாசியில் இரண்டும் போய்விடும். பிறகு சேலத்தில் அண்ணன் வீட்டுப் பின்கட்டும், செவ்வாய்ப்பேட்டையில் மூட்டை தூக்குவதும்தான்.

ஐப்பசி பிறந்ததும் மரியபுஷ்பம் அடுப்படியில் நின்றுகொண்டே தெருவைப் பார்ப்பாள். மலைப் பஸ் கண்டக்டர் யாரிடமாவது சொல்லி அனுப்புவார்: "கொண்டைமேட்டு ரைட்டர் வரச் சொன்னாருங்க." கையெழுத்துக்கு ஆள் வேண்டுமே! அந்தச் சொல் வந்த நாளில் அவள் குழம்பில் உப்புப் போட மறந்துவிடுவாள். "மலையேறுதுடி இவளுக்கு" என்பாள் அண்ணி.

பின்னாளில் எத்தனையோ வருடம் கழித்தும், அந்த ஐப்பசிகள் அவளுக்கு வாசனையாகவே நினைவிருந்தன. பூட்டிக் கிடந்த லைன் வீட்டின் ஈர மண் வாசனை, அடுத்த வீட்டுக் கண்ணாயி முதல் நாள் கொண்டுவந்து வைக்கும் களியின் சூடு, விடியலில் பனியோடு வந்து வாசலில் நிற்கும் புருஷனின் கம்பளியில் துப்பாக்கி எண்ணெயும் காட்டுத் துளசியும் கலந்த மணம். அவன் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு, "இன்னிக்கு ஒண்ணுமில்ல புள்ள. தொரத்தி உட்டேன்" என்றால் அவளுக்கு நிம்மதி. சுட்டேன் என்று சொல்லும் நாளில் அவன் பாதிச் சோறுதான் தின்பான்.

மாசியில் மூட்டை கட்டும்போதெல்லாம் அவள் ஒன்றைக் கேட்பாள். "ரைட்டருகிட்டக் கேளுங்க. இந்தக் கடைசி ஊட்டை வருசம் முழுக்க நமக்கே குடுங்கன்னு."

"அடுத்த வருசம் கேக்கறேன்."

"போன வருசமும் இதத்தான் சொன்னீங்க."

"இப்பக் கேட்டா, இவன் நொம்பக் கேக்கறான்னு கையெழுத்துக்கு வேற ஆளப் பாத்துக்குவாங்க புள்ள."

"பன்னி முன்னால நிக்கறீங்க, ரைட்டரு முன்னால நிக்க முடியலயா?"

"பன்னி திருப்பிப் பேசாதுல்ல."

அவள் சிரித்துவிடுவாள். சிரித்ததோடு அந்த வருடத்துப் பேச்சு முடிந்துபோகும்.

அன்றைக்கு ஆபீஸில் கூட்டம் கூடியிருந்தது வேறு காரியத்துக்கு. புதிதாக வந்த ரேஞ்சர், பர்மிட்டை ஒரு சீசனுக்குப் பதிலாக மூன்று சீசனுக்குச் சேர்த்துக் கொடுக்கலாமா என்று சுடுகிறவர்களையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"குடுங்க சாமி," என்றார் தலைச்சோலை மாதையன். சாமையும் ராகியும் போடும் மலைக்காரர். "ஒவ்வொரு வருசமும் மனு எழுதி, நீங்க வந்து பாத்து, சீலு குத்தி, காயிதம் கைக்கு வர்றதுக்குள்ள பன்னி தின்னு ஏப்பம் உட்டுட்டுப் போயிருதுங்க. அப்புறம் நான் பர்மிட்டத்தான் வறுத்துத் திங்கோணும்."

எல்லோரும் சிரித்தார்கள். பாரஸ்ட் கார்டு சின்னையன் மட்டும் சிரிக்கவில்லை. "மூணு சீசனுக்குக் குடுத்தா அப்புறம் ஒருத்தனும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டானுங்கய்யா. வருசா வருசம் வந்து நின்னாத்தான் எத்தன சுட்டான்னு கேக்கலாம். துப்பாக்கி யாரு கையில இருக்குதுன்னும் தெரியும்."

"உனக்கு வருசா வருசம் டீ கெடைக்கோணும், அதச் சொல்லு," என்றார் மாதையன்.

ரேஞ்சர் சூசைமாணிக்கத்தைப் பார்த்தார். "நீ என்னப்பா சொல்றே? உன் பேர்லதானே பர்மிட்?"

சூசைமாணிக்கம் வாயைத் திறப்பதற்குள் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் ஞானசுந்தரம், "மூணு சீசனே நல்லதுங்க சார்," என்றார். "அவனுக்கும் அலைச்சல் மிச்சம்."

மூன்று சீசன் என்று கேட்டதும் வாசலில் மரியபுஷ்பம் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஒரு சீசன் என்றால் ஒரு வருடத்துக்கு ஒரு முறை வருவது. மூன்று சீசன் என்றால் மூன்று வருடம். நடுவில் பர்மிட் முடியாது. முடியாவிட்டால் வீட்டை விடச் சொல்ல முடியாது. சாந்தாமேரியின் தலையைக் குனிந்து முத்தமிட்டாள்.

பர்மிட் வந்தது. ரைட்டர் படித்துக் காட்டி, முதலாளி பங்களாவிலேயே பத்திரமாக வைத்துக்கொண்டார். மாசி வந்தும் யாரும் வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை. "இனிமே கேக்கவே வேண்டாம் போலிருக்குது," என்றான் சூசைமாணிக்கம்.

மரியபுஷ்பம் அந்த மாதமே ஓர் அம்மி வாங்கினாள். அதுவரை மலையில் அவளுக்கென்று அம்மி கிடையாது. வருடா வருடம் மலையேற்றி இறக்க முடிகிற பொருளா அது? கண்ணாயி வீட்டு அம்மியில்தான் அரைப்பாள். "ஏன்டி, அம்மி வாங்கிட்டே, இனி என் ஊட்டுப் பக்கம் வருவியா, மாட்டியா?" என்று கண்ணாயி கேட்டாள். "வராம? உங்க வாய்ப்பேச்ச எந்தக் கடையில வாங்கறது அக்கா?" என்றாள் இவள்.

பங்குனியில் ஒரு மழை பெய்தது. சில நாள் கழித்து ஒரு காலையில், தண்ணீர் எடுக்கப் போன மரியபுஷ்பம் குடத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். சரிவு முழுக்க வெள்ளை. ஒவ்வொரு செடியின் ஒவ்வொரு கிளையும், கணுவுக்குக் கணு, சரம் கட்டியதுபோலப் பூத்திருந்தது. மல்லிகையும் தேனும் கலந்ததுபோல வாசனை. இத்தனை வருடம் கூடை கூடையாய்ப் பழம் பறித்தவள், காப்பி பூத்து ஒருநாளும் பார்த்ததில்லை. பூக்கும் மாதத்தில் அவள் எப்போதும் சேலத்தில் இருந்தாள்.

வீட்டுக்கு ஓடிப்போய்ப் புருஷனை எழுப்பி இழுத்து வந்தாள்.

"இதுக்கா எழுப்புனே?" என்றான் அவன். ஆனால் அவனும் நின்றான். அவனும் பார்த்ததில்லை. ஒரு சரத்தைக் கிள்ளி அவள் கொண்டையில் வைத்தான்.

"ரைட்டரு பாத்தா கூலியில புடிப்பாரு."

"புடிக்கட்டும். மூணு சீசன் இருக்குதில்ல."

மிஷன் பள்ளிச் சிஸ்டர், சாந்தாமேரியை ஜூனில் முழு வருடத்துக்கும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். "பாதியில கூட்டிட்டுப் போயிட மாட்டீங்களே?" "மாட்டோம் சிஸ்டர்."

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக் கண்ணாயியோடு மலையுச்சி வரை போய்வந்தார்கள். அதே மாதம் முதலாளியின் சிநேகிதர்கள் ஜீப்பில் வந்து பங்களாவில் தங்கினார்கள். பன்றி எந்த வழியில் வரும் என்று சூசைமாணிக்கம் அவர்களுக்கு முன்னால் நடந்து காட்டினான். துப்பாக்கி அவர்கள் கையில் இருந்தது. விழுந்த பன்றிகள் அவன் பேரில் எழுதப்பட்டன.

ஜீப் இறங்கிப் போன மறுநாள் ரைட்டர் ஞானசுந்தரம் லைனுக்கு வந்தார். "மாணிக்கம், ஊட்டக் காலி பண்ணிக்கப்பா."

"பர்மிட் மூணு சீசனுங்களே," என்றான் அவன்.

"ஆமா. நீயே எண்ணு. காப்பி சீசன் முடிஞ்சுது. மிளகு சீசன் முடிஞ்சுது. இப்ப வெயில் சீசனும் முடிஞ்சு டவுன் பஸ்ஸெல்லாம் காலியா போவுது. எத்தன ஆச்சு?"

சூசைமாணிக்கம் விரலை மடக்கினான். மரியபுஷ்பமும் முந்தானைக்குள் மடக்கினாள். மூன்றுதான். பழம் பறிக்கிறவர்கள் காப்பி சீசனுக்கு வருவார்கள், ஏணிக்காரர்கள் மிளகு சீசனுக்கு வருவார்கள், டவுனில் கடை போடுகிறவர்கள் வெயில் சீசனுக்கு வருவார்கள். அவர்கள் அறிந்த சீசன் அதுதான். இத்தனை நாள் ஒரு சீசன் என்று காப்பியோடு போனார்கள். இந்த முறை மூன்றும் இருந்துவிட்டார்கள். கணக்கு சரியாகவே இருந்தது. வருடம் என்று நினைத்தது தங்கள் புத்திக் குறைவு என்று இருவருக்கும் வெட்கமாகிவிட்டது.

"எனக்குத்தான் தெரியலீங்க," என்றான் அவன், ரைட்டரிடம் மன்னிப்புக் கேட்பவனைப்போல.

அம்மியைக் கண்ணாயி வாசலில் விட்டுவிட்டு இறங்கினார்கள். சிஸ்டரிடம் போய்ச் சொல்ல மரியபுஷ்பத்துக்கு முகம் இல்லை.

ஐப்பசி வந்தது. மரியபுஷ்பம் தெருவைப் பார்த்தாள். கண்டக்டர் சொல்லி அனுப்பவில்லை. கார்த்திகையும் பிறந்துவிட்டது. சூசைமாணிக்கத்துக்கு மூட்டை தூக்கித் தூக்கித் தோள் வீங்கியிருந்தது. இரவில் அவள் ஒத்தடம் கொடுக்கும்போது, "பழம் செவந்திருக்கும்," என்பான்.

"கூப்பிடாட்டி என்ன, நாமளாப் போயிக் கேப்போம்," என்று கடைசியில் அவள்தான் சொன்னாள். மகளை அண்ணியிடம் விட்டுவிட்டு மலைப் பஸ் ஏறினார்கள்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டில், ஒரு மூட்டைச் சாமையின் மேல் உட்கார்ந்திருந்தார் தலைச்சோலை மாதையன். "அடடே, மாணிக்கமா? எங்க, ஆளயே காணோம்? உன்ற பர்மிட்டுல நொம்பப் பன்னி உழுவுதுன்னு சின்னையன் பேசிக்கிட்டிருந்தான். கைக்குச் சுத்திப் போடச் சொல்லணும்னு நெனச்சேன்."

"என்ற பர்மிட் வெயிலோட முடிஞ்சிருச்சுங்களே."

"முடிஞ்சிருச்சா? எனக்கும் உனக்கும் ஒரே நாள்ல சீலு குத்துனாங்க. என்றது அடுத்த வருசம் வரைக்கும் இருக்குதே!"

"மூணு சீசனுங்களே. காப்பி, மிளகு, வெயிலு..."

மாதையன் பீடியை வாயிலிருந்து எடுத்தார். சிரிக்கப்போனவர், மரியபுஷ்பத்தின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. "காட்டு ஆபீஸ்ல சீசன்னா வருசத்துக்கு ஒண்ணுதாங்கண்ணு," என்றார் மெதுவாக. "இது ரெண்டாவது. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குது. போன தடவ நீ கையெழுத்துப் போட்டயில்ல, அது மூணுக்கும் சேத்துத்தான். அதனாலதான் இந்த வருசம் உன்னைக் கூப்புடல."

எஸ்டேட் வரைக்கும் நடந்தே போனார்கள். பழம் உண்மையாகவே சிவந்திருந்தது. வரிசைகளுக்குள் பெண்கள் பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. இத்தனை வருடம் கடைசி வீட்டுக்காகப் புருஷனிடம் சொல்லிவந்த வாக்கியத்தை மரியபுஷ்பம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இன்றைக்கு இவர் கேட்பார் என்று நம்பக்கூடாது, நாமே கேட்டுவிட வேண்டும்.

லைன் கோடியில் அவர்களுடைய வீடு திறந்திருந்தது. உள்ளே ஜீப் டிரைவர் பாய் விரித்துப் படுத்திருந்தான். கொடியில் அவன் காக்கிச் சட்டை காய்ந்தது.

பங்களா வாசலில் அதே ஜீப் நின்றது. பின்பலகையில் பெரிய பன்றியொன்று கால் கட்டிக் கிடந்தது. அதன் காதோரத்திலிருந்து சொட்டிய ரத்தம் சரளையில் கறுத்திருந்தது. ஸ்வெட்டர் போட்ட இரண்டு பேர் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ரைட்டர் ஞானசுந்தரம் அவர்களுக்குக் காப்பித் தட்டு ஏந்தி நின்றார்.

இவர்களைப் பார்த்ததும் தட்டை வராந்தாச் சுவரில் வைத்துவிட்டு வேகமாக இறங்கி வந்தார். "யாரப்பா வரச் சொன்னது? நான் சொல்லி அனுப்பலயே."

"பர்மிட் இன்னும் இருக்குதாமுங்க," என்றான் சூசைமாணிக்கம்.

"இருந்தா என்ன? பேரு உன்றது. சுடறது பெரியவங்க. எந்தக் கை சுட்டாலும் பன்னி பன்னிதானே." குரலைத் தாழ்த்தினார். "இத ஆபீஸ் வரைக்கும் கொண்டு போயிராதே. உன் பேர்ல இருக்கற கணக்குக்கு நீதான் பதில் சொல்லோணும். வந்தது வந்துட்டே, ஒரு தொடக்கறி அறுத்துத் தரச் சொல்றேன், புள்ளைக்குக் கொண்டு போ."

மரியபுஷ்பம் ஓரடி முன்னால் வந்தாள். வாயைத் திறந்தாள். உதடு மட்டும் அசைந்தது. கண் நிறைந்து, எதிரே நின்ற ரைட்டரும் ஜீப்பும் கலங்கிப்போயின.

அப்போது பக்கத்தில் புருஷன் தலைமுண்டாசை அவிழ்ப்பது தெரிந்தது. கும்பிடத்தான் போகிறான் என்று நினைத்தாள். அவன் அதை உதறி, வீங்கிய தோளின் மேல் போட்டுக்கொண்டான்.

"கறி வேண்டாமுங்க," என்றான் சூசைமாணிக்கம். போட்டோ எடுத்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகவே சொன்னான். "எங்களுக்கு அந்தக் கடைசி ஊடு வேணுமுங்க. என்ற பேரு இங்க இருக்கற வரைக்கும் நாங்களும் இருக்கோணும். சீசனுக்கு இல்லீங்க. வருசம் முழுக்க."