நான்கு போல்ட்டுகள்

நாற்பத்தெட்டு மணி நேரம் இருந்தது. சனிக்கிழமை காலை ஒன்பதிலிருந்து திங்கட்கிழமை காலை எட்டு வரை எண்ணினால் நாற்பத்தேழுதான் வரும். ஆனால் டுலுத்தில் கடிகாரம் எங்கள் டொலிடோவைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அந்த ஒன்றையும் சேர்த்துக்கொண்டேன். அதில் பதின்மூன்று மணி நேரம் காரோட்டத்துக்குப் போய்விடும். தூக்கம், சாமான் ஏற்றுவது எல்லாம் கழித்தால் காரைச் சரிசெய்ய இன்று ஒரு நாள்தான்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு டுலுத்தில் ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்தில் நான் வேலைக்குச் சேர வேண்டும். வேதியியல் படித்துவிட்டு இரண்டு வருடமாகப் பெயின்ட் கடையில் நிறம் கலக்கிக்கொண்டிருந்தேன். இது நான் பதினேழு விண்ணப்பம் போட்டுக் கிடைத்த வேலை.

அப்பாவிடம் சொல்லவில்லை.

என் அண்ணன் டிராவிஸும் சொல்லாமல்தான் போனான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்ரோல் போட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவன் நெப்ராஸ்காவிலிருந்து போன் செய்தான். அப்பா போனை வைத்துவிட்டு வந்து தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் அவன் கார் நிற்கும் இடத்தில் ஒரு வருடம்வரை தன் வண்டியை நிறுத்தவில்லை. அதைப் பார்த்தபிறகு எனக்கு வாய் வரவில்லை. நானும் வழியில் விஸ்கான்சினில் எங்காவது நின்று போன் செய்துவிடலாம் என்றிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை என் கார் படுத்தது. எவ்வளவு மிதித்தாலும் மணிக்கு இருபது மைலைத் தாண்ட மறுத்தது. த்ராட்டில் போய்விட்டது என்றார் அப்பா. இன்ஜினுக்குள் போகும் காற்றை அளந்து விடும் பாகம் அது, இரண்டு கை அகலம்கூட இருக்காது. பதினெட்டு வருடப் பழைய கார். புதிது வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள் உதிரிபாகக் கடையில். "சனிக்கிழமை யார்டுக்குப் போலாம், நாமளே கழட்டிக்கலாம்" என்றார் அப்பா.

ஓடாத கார்களை வரிசையாகப் போட்டுவைத்து, வேண்டிய பாகத்தை நாமே கழற்றி விலைகொடுத்து எடுத்துப்போக விடும் இடம்தான் யார்டு. வாசலில் ஆளுக்கு இரண்டு டாலர். ஜாக்கி இல்லை, வெட்டும் கருவி இல்லை என்று டூல்பாக்ஸைத் திறந்து காட்டினோம். கார் மேலே விழுந்தால் யார்டு பொறுப்பல்ல என்று கையெழுத்துப் போட்டோம். கம்ப்யூட்டர் கொடுத்த தாளில் என் காரைப் போலவே மூன்று கார்கள் இருந்தன. பதினான்காம் வரிசை, இருபத்திரண்டு, முப்பத்தொன்று.

நான் முன்னால் நடந்தேன். மார்ச் மாதத்துச் சேறு, மேலே உறைந்து உள்ளே இளகிக் கிடந்தது.

"மெதுவாப் போ கண்ணு," என்றார் அப்பா பின்னாலிருந்து. "கார் எங்கயும் ஓடிடாது. ஒண்ணுக்கும் சக்கரமே இல்ல."

உண்மைதான். எல்லாக் கார்களும் பற்றவைத்த இரும்பு வளையங்களின்மேல் பானெட்டைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தன. காற்றில் ஏதோ ஒரு கதவு அடித்துக்கொண்டே இருந்தது.

பதினான்காம் வரிசைக் கார் மரத்தில் மோதியிருந்தது. இன்ஜின் பாதி முன்சீட்டில் இருந்தது. அப்பா எட்டிப் பார்த்து, "இது தேறாது," என்றார். மணி ஒன்பது நாற்பது.

இருபத்திரண்டில் இருந்த கார் முழுசாக இருந்தது. நான் ஓடிப்போய்க் குனிந்தேன். த்ராட்டில் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு ஓட்டை. சுற்றிலும் நான்கு போல்ட்டுகள், அதனதன் துளையில்.

விரலால் ஒன்றைத் திருப்பினேன். கையால் முடுக்கியது, சுலபமாகச் சுழன்றது. வயரின் முனை தொங்காமல் குழாய்மேல் செருகப்பட்டிருந்தது.

இங்கே யாரும் அப்படிச் செய்வதில்லை. போல்ட்டைச் சேற்றில் எறிவார்கள், வயரைக் கத்தியால் அறுப்பார்கள். அடுத்த மாதம் நசுக்கப்போகிற காருக்குப் போல்ட் எதற்கு? அப்பா மட்டும்தான் மாட்டுவார். சின்ன வயதில் எனக்கும் டிராவிஸுக்கும் அதைத்தான் முதலில் கற்றுக்கொடுத்தார், அடுத்து வருகிறவனுக்கு வேண்டியிருக்கும் என்று.

நிமிர்ந்து பார்த்தேன். அப்பா பக்கத்துக் காரின் கண்ணாடியை மிகவும் அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"எடுத்துட்டாங்களா?" என்றார்.

"எடுத்துட்டாங்க."

கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் திருப்பி ஒன்று கேட்பார். நடந்தேன்.

முப்பதாம் வரிசையில் அர்வில் எதிரே வந்தார். அப்பாவோடு கண்ணாடி ஆலையில் வேலை பார்ப்பவர். தள்ளுவண்டியில் ஒரு ரேடியேட்டரும் இரண்டு ஹெட்லைட்டும்.

"அட, ஷெல்பி! காலேஜ் முடிச்ச புள்ள இன்னும் சேத்துலதான் நிக்குதா?" என்றவர் அப்பா பக்கம் திரும்பினார். "லைல், பத்தாம் நம்பர் சாக்கெட் ஒண்ணு குடேன். என்னுது காணோம்."

"போன வாட்டி குடுத்தது எங்கடா?"

"அதத்தாண்டா காணோங்கறேன்."

அப்பா சிரித்தபடி டூல்பாக்ஸைத் திறந்தார். அர்வில் போல்ட் கழற்றும் அந்தச் சாக்கெட்டை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"ஆமா, வியாழக்கிழமதான இங்க குனிஞ்சுக்கிட்டு இருந்த? பேசாம வாசல்ல ஒரு கட்டிலப் போட்டுக்க. வாடகை மிச்சம்."

"சரி சரி, ரேடியேட்டர் ஒழுகுது பாரு," என்றார் அப்பா.

"ஒழுகினா ஒழுகட்டும், இது என் மாமியார் காருக்கு."

அவர் போய்விட்டார். எனக்குக் காது சூடாகிவிட்டது. முப்பத்தொன்றாம் வரிசைவரை எண்பத்தாறு அடிகள் எண்ணினேன்.

அந்தக் காரிலும் ஓட்டை. நான்கு போல்ட்டுகள்.

"அடடா," என்றார் அப்பா வானத்தைப் பார்த்து. "இதையும் எவனோ அடிச்சிட்டான்." அவருக்குப் பொய் சொல்லவே வராது. "பரவால்ல. அடுத்த வாரம் புது லோடு எறக்குவாங்க. அதுவரைக்கும் உன்ன நான் பெயின்ட் கடையில விட்டுடறேன். என்ன அவசரம் இப்ப?"

"அவசரம்தான்ப்பா."

"ஏன்?"

மணி பத்து ஐம்பது. இன்னும் நாற்பத்தாறு மணி பத்து நிமிடம். பானெட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போல்ட்டெல்லாம் மாட்டியிருக்கு," என்றேன்.

"நல்ல பழக்கம்தானே?"

"உன் பழக்கம்."

அப்பா கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு அந்தக் காரின் பம்பர்மேல் உட்கார்ந்தார்.

"வியாழக்கிழம வந்து ரெண்டையும் கழட்டினேன்."

"எங்க வச்சிருக்க?"

"இங்கதான். ஒரு வேன் டிக்கியில."

யார்டில் இது எல்லோரும் செய்வதுதான். சம்பளம் வரும்வரை, கழற்றியதை வேறு ஏதாவது வண்டிக்குள் ஒளித்துவைப்பார்கள். எந்த வண்டி என்று யாரும் யாரிடமும் கேட்கமாட்டார்கள். நான் சுற்றிப் பார்த்தேன். வேன்கள் மட்டும் நான்கு வரிசை இருந்தன.

"எந்த வேன்ப்பா?"

அவர் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் காபி ஊற்றி என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். குடிக்கவில்லை.

"புதன்கிழம வீட்டுக்கு ஒரு போன் வந்துச்சு," என்றார். "ஒரு வீட்டுக்கார அம்மா. நீ உன் போன எடுக்கலையாம், இந்த நம்பரையும் எழுதிக் குடுத்திருந்தியாம். பொண்ணுக்கு ஏரி பக்கம் ரூம் வேணுமா, தெருப் பக்கம் வேணுமான்னு கேட்டாங்க. ஏரி பக்கம்னா குளிர் கொஞ்சம் ஜாஸ்தியாம்."

காபி மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நீ என்ன சொன்ன?"

"எம் பொண்ணு எங்கிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லலைங்க, சொன்னதும் கேட்டுட்டு நானே கூப்பிடறேன்னேன்."

"அப்பா..."

"புதன் ராத்திரி சொல்லுவன்னு பாத்தேன். சொல்லல. அதான் வியாழக்கிழம இங்க வந்தேன். நேத்தும் பாத்தேன். சாப்பிடறப்ப மூணு தடவ உப்பு கேட்ட. கிட்டவேதான் இருந்துச்சு உப்பு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கரித்தது.

"உன்ன நிறுத்தறதுக்கு ஒளிக்கல," என்றார். "நிறுத்தணும்னா கார் சாவிய ஏரியில போட்டிருப்பேன். டிராவிஸ் ரோட்டோரத்துல நின்னு போன் பண்ணான். லாரி சத்தம் வேற. பாதி கேக்கவே இல்ல எனக்கு. சரி சரின்னு மட்டும் சொன்னேன். எதுக்குச் சரி சொன்னேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது." அவர் என்னைப் பார்க்காமல் தன் பூட்ஸைப் பார்த்தார். "இங்க லாரி இல்ல. நான் உக்காந்திருக்கேன். சொல்லு."

ஒரு மாதமாகக் குளியலறைக் கண்ணாடி முன்னால் இதைச் சொல்லிப் பழகியிருந்தேன். முதலில் சம்பளம், பிறகு காப்பீடு, பிறகு மாதம் ஒருமுறை வந்துவிடுவேன் என்பது, எல்லாம் வரிசைப்படுத்தி. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. மூடியைக் காரின்மேல் வைத்துவிட்டு அவர் எதிரே சேற்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் அவர் முகம் தெரிந்தது.

"டுலுத்ல வேலை கிடைச்சிருக்குப்பா," என்றேன். "நாளைக்குக் காலைல நான் வீட்ட விட்டுப் போறேன்."