உத்தரவு கொடுக்காத கிடா

கோவில்பட்டிக்காரர்களுக்கும் கடலுக்கும் உள்ள உறவு, சம்பந்தி வீட்டு உறவு மாதிரி. இருக்கிறது என்று தெரியும். அதற்காக நினைத்தபோதெல்லாம் போய் நின்றுவிட மாட்டார்கள். ஆனால் தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் ப்ரியதர்ஷினி போன் போட்டு, "சனி ஞாயிறு பாய்மரப் படகுல போறோம்மா. நம்ம வீட்டுப் பிராணிகளையும் ஏத்திக்கிடுவாங்களாம். சும்மா காத்து வாங்கிட்டு வருவோம்" என்று சொன்னதிலிருந்து, அவள் அம்மா முத்துச்செல்வியின் வீட்டில் ஒருத்தரும் சும்மா இருக்கவில்லை.

பிராணிகள் என்றால் மூன்று. ஒரு சிப்பிப்பாறை நாய், ஒரு வான்கோழி, அப்புறம் மேனேஜர். மேனேஜர் என்பது கிடா. தீப்பெட்டி ஆபீஸ் நிழலில் நின்றுகொண்டு, வேலை செய்கிறவர்களை நாள் முழுக்க வெறித்துப் பார்த்துவிட்டு, தான் ஒரு துரும்பையும் அசைக்காமல் சாப்பிடப் போய்விடும். அதற்கு வேறு என்ன பெயர்தான் வைக்க முடியும்?

முத்துச்செல்விக்கு மேனேஜர் என்றால் உயிர். தாயில்லாக் குட்டியாக வந்ததைப் பால்புட்டி வைத்து வளர்த்தவள். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு, அந்த வீட்டில் அவள் பேச்சை முழுசாக நின்று கேட்கிற ஜீவன் அது ஒன்றுதான். புருஷன் மாயகிருஷ்ணன் தங்கமான மனிதர். என்ன, வாயைத் திறந்தால் "சரி அண்ணாச்சி" என்ற இரண்டு வார்த்தைதான் வரும். அந்த அண்ணாச்சி, அவருடைய கூடப்பிறந்த மூத்தவர் ராமசுப்பு. தீப்பெட்டி ஆபீஸ் அவர் பொறுப்பு. குலசாமி சுடலைமாடன் கோயிலும் அவர் பொறுப்பு. அவர் சொல்லுக்கு மறுசொல் சொல்லி அந்தக் குடும்பத்தில் யாருக்கும் பழக்கமில்லை.

வில்லங்கம் என்னவென்றால், தன் நெஞ்சு ஆபரேஷனுக்குப் போகிறபோது மேனேஜரைச் சுடலைக்கு நேர்ந்துவிட்டவரே அவர்தான். வருஷா வருஷம் நடக்கிற கோயில் கொடைத் திருவிழா அன்று கிடாயை நிறுத்தி மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். கிடா உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்தாயிற்று, வெட்டலாம். சிலுப்பாவிட்டால் கத்தியைத் தொடக்கூடாது. மூன்று கொடை வந்து போய்விட்டது. குடம் குடமாகத் தெளித்தும் மேனேஜர் மயிர்க்காலைக்கூட அசைக்கவில்லை. ஊரே மூக்கில் விரல் வைத்தது. முத்துச்செல்வி மட்டும் வைக்கவில்லை. தினமும் விடிந்ததும் அதன் தலையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, சிலுப்பாமல் நின்றால் பருத்திக்கொட்டை கொடுத்துப் பழக்கியவளே அவள்தானே!

அதனால் கிடா பிழைத்தது. ராமசுப்புவின் தூக்கம் போனது. "உயிரக் குடுத்த சாமி நான் குடுத்ததை வாங்க மாட்டேங்காரே. என்ன கோவம்னு தெரியலையே" என்று புலம்புவார். எந்த நேரம் சுடலை வந்து கூப்பிடுவாரோ என்று ராவெல்லாம் கட்டிலில் விழித்துக் கிடப்பார். அதைக் கேட்கும்போது முத்துச்செல்விக்கு மனசு அறுக்கும். ஆனால் மேனேஜர் முகத்தைப் பார்த்தால் வாய் அடைத்துப் போகும்.

படகுக்காரர், ஆட்டத்துக்கும் அலைக்கும் பழகின பிராணியாக இருக்கவேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். "அவ்வளவுதான? பழக்கிருவோம்" என்றார் ராமசுப்பு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இடைசெவல் பக்கம், வெள்ளாமை முடிந்து வெடித்துக் கிடந்த கரிசல்காட்டில் டிராக்டரும் டிரெய்லரும் போய் நின்றன. டிரெய்லர்தான் படகு. தீக்குச்சி காயப்போடுகிற இடத்தில் கிடந்த தார்ப்பாயைக் கம்பில் கட்டியதும் பாய்மரம் ஆயிற்று. டிரைவர் இசக்கிதுரை முன்னுக்கு ஒரு கியர், பின்னுக்கு ஒரு கியர் என்று மாற்றி மாற்றிப் போட்டு அலை உண்டாக்கவேண்டும். கடல் வேலையை ராமசுப்பு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பருத்திக்கு மருந்தடிக்கிற ஸ்பிரேயரை முதுகில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கி நின்றார்.

"நல்லாக் கழுவிட்டேன். மருந்து வாடை தெரியாம இருக்க மஞ்சப்பொடி போட்டிருக்கேன். கடல்னா உப்பு வேணும்லா, கல்லுப்பும் போட்டாச்சு" என்றார்.

மஞ்சள் என்று கேட்டதும் முத்துச்செல்வி கிடாயைத் திடுக்கிட்டுப் பார்த்தாள். ஆனாலும் மேனேஜர் படித்த பாடத்தை மறக்காது என்று மனசைத் தேற்றிக்கொண்டு டிரெய்லரில் ஏறி அதன் பக்கத்தில் நின்றாள். மாயகிருஷ்ணன் தார்ப்பாய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"அலையை விடுலே!" என்று கத்தினார் ராமசுப்பு.

டிரெய்லர் குலுங்கியது. தண்ணீர் பீய்ச்சியது. நாய் சாக்குக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டது. வான்கோழி உப்பிப்போய் ஒரு மூலையில் உட்கார்ந்து எல்லாரையும் வைதது. மேனேஜர் அசையவில்லை. பெருமை தாங்காமல் முத்துச்செல்வி அதன் முதுகைத் தடவிய நேரத்தில், இசக்கிதுரை ஒரு பெரிய அலையாகப் போட்டான். ராமசுப்புவின் கை தடுமாறியது. உப்பும் மஞ்சளும் கலந்த தண்ணீர் சீறிக்கொண்டு மேனேஜரின் காதுக்குள் போனது. செம்புத் தண்ணீருக்குப் பழகிய காது அது; இதை எங்கே கண்டது? மூக்கில் ஆரம்பித்து வால் வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்பியது.

கடல் அப்படியே நின்றுவிட்டது. ராமசுப்பு கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"குடுத்துட்டாரு! உத்தரவு குடுத்துட்டாருலே! நாளைக்குப் போற வழியிலேயே கோயில்ல வெட்டிருவோம்."

முத்துச்செல்வி கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ராமசுப்புவைப் பார்த்தாள். இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

"வேண்டாம் அத்தான். மூணு வருசமா சாமி ஒண்ணுமே சொல்லல. நான்தான் அதைச் சிலுப்பாம நிக்கப் பழக்கினேன். சாமிக்கு உங்க மேல ஒரு கோவமும் கெடையாது. இதைக் கொன்னுபோடாதீங்க. இது இல்லாம என்னால இருக்க முடியாது."

ராமசுப்பு வாயைப் பிளந்தார். "சாமிக்குக் கோவம் இல்லையா?"

"இல்ல அத்தான். சத்தியமா இல்ல."

அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், அப்புறம் மூச்சை நீளமாக விட்டார். திட்டப்போகிறார் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லவேளை சொன்னம்மா! அப்பத் தடையே இல்லியே. இப்ப நீ பழக்காமத்தான சிலுப்பியிருக்கு? வெட்டிருவோம்" என்றார் அவர் சந்தோஷமாக.

உண்மையைச் சொல்லி மாட்டிக்கொண்டவள் புருஷனைப் பார்த்தாள். பார்த்துப் பிரயோசனம் இல்லை என்று தெரியும். "சரி அண்ணாச்சி" என்றுதான் சொல்லப்போகிறார். மாயகிருஷ்ணன் கயிற்றை விட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். மூத்தவரின் முதுகிலிருந்து ஸ்பிரேயரைக் கழற்றித் தன் முதுகில் மாட்டிக்கொண்டார்.

"அண்ணாச்சி, நேந்துக்கிட்டது யாரு?"

"நாந்தான்."

"பொழச்சது யாரு?"

"நாந்தாம்லே. அதுக்கென்ன?"

"அப்ப உத்தரவு உங்களைத்தான கேக்கணும்? கிடா என்னத்துக்கு நடுவுல?"

சொல்லிவிட்டு விசையை அமுக்கினார். முகம், கழுத்து, காது என்று ஒரு இடம் விடவில்லை. ராமசுப்பு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் சிலுப்பினார். மேனேஜர் சிலுப்பியதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இசக்கிதுரை டிராக்டரை அணைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"ஏலே மாயா, என்னைய வெட்டப் போறியா?" என்றார் ராமசுப்பு.

"முடியைக் குடுத்தாப் போதும். சாமி சம்மதிப்பாரு. கிடா நாளைக்குக் கடலுக்குப் போவுது அண்ணாச்சி. இதுல மாத்தம் கெடையாது."

முத்துச்செல்வி கிடாயை விட்டுவிட்டுப் புருஷனையே பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனிதருக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கிடாயிடம் பேசியதில் பாதியை இவரிடம் பேசியிருப்பாள்.

ராமசுப்பு தலையைத் தொட்டுப் பார்த்தார். மை அடித்து, மேலே தூக்கிச் சீவி, அவர் வளர்த்து வந்த முடி. சிலுப்பியது தன் உடம்புதான். கோயில் பொறுப்பில் இருக்கிறவர் இல்லையென்று எப்படிச் சொல்வார்? மஞ்சள் சொட்டச் சொட்ட நின்றவரின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

"வாங்கிக்கிட்டாருலே. என்கிட்ட இருந்து வாங்கிக்கிட்டாரு" என்றார்.

சனிக்கிழமை காலையில் பசுவந்தனைப் பக்கத்துக் கோயிலில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு வேனில் ஏறியவர், ஊர் எல்லை தாண்டவில்லை, மேனேஜரின் வயிற்றில் தலையைச் சாய்த்துவிட்டார். மேனேஜர் மொட்டையை ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டு அசையாமல் படுத்துக்கொண்டது. குறட்டைச் சத்தத்தில் வான்கோழியே அடங்கிப்போனது. முத்துச்செல்வி எட்டி, முந்தானையால் அவர் முகத்தில் விழுந்த வெயிலை மறைத்தாள். டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொல்லிக் கை காட்டினாள்.

தூத்துக்குடியிலிருந்து போன் வந்தது. "எம்மா, படகு கெளம்பப் போவுது. எங்கன வாரீங்க? சீக்கிரம் வாங்க!"

"கெளம்புனாக் கெளம்பட்டும். சத்தம் போடாத ஏட்டி" என்றாள் முத்துச்செல்வி. "ஒங்க பெரியப்பா தூங்குதாவ."