இல்லை என்று சொல்லப் பழக்கும் வகுப்பு

இந்தக் காலத்துச் சனத்தின் வெட்கம் எனக்கு விளங்குவதில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கொத்து அரிசி கேட்க வெட்கம். கூடப்பிறந்தவனிடம் கைமாற்றுக் கேட்க வெட்கம். ஆனால் முன்பின் தெரியாத கம்பனிக்காரன் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நின்றால், புருஷன் குடிப்பானா, கழுத்தில் கிடப்பது பவுனா பித்தளையா என்று எல்லாவற்றையும் அவனிடம் ஒப்புவித்துக் காசு வாங்குகிறார்கள். பிறகு அதே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பின்வேலியால் பாய்கிறார்கள். பெரியகல்லாற்றில் எங்கள் ஒழுங்கை வேலிகள் அப்படித்தான் சரிந்தன. மாடு சரித்த வேலி ஒன்றும் இல்லை.

இதைத் திருத்தத்தான் வகுப்பு என்றார்கள். காசை எப்படிப் பிடிப்பது, கடனை எப்படி அளவாக எடுப்பது என்று பெரியவர்களுக்குப் படிப்பிக்கிற வகுப்பு, கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில். நான் போயிருக்கமாட்டேன். வராதவர்களுக்கு இந்தப் போகம் விதைநெல்லுக் கடன் கிடையாது என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். கடனில் கவனமாக இரு என்று சொல்லும் வகுப்புக்கு, கடன் தரமாட்டோம் என்று வெருட்டித்தான் ஆள் சேர்க்கிறார்கள். இந்த நியாயத்தை என் மனுசி மங்கையற்கரசியிடம் சொன்னேன்.

"நியாயத்த ஆத்தில போடுங்க. வாய மூடிக்கொண்டு போய்க் குந்துங்க. சாப்பாட்டுப் பார்சலும் தருவாங்களாம்," என்றாள்.

படிப்பிக்க வந்தவள் விதுர்ஷா என்ற பிள்ளை. மட்டக்களப்பு டவுனில் இருந்து ஸ்கூட்டியில் வந்திருந்தாள். கெட்ட பிள்ளை என்று சொல்லமாட்டேன். குரலை உயர்த்தவில்லை, ஒருவரையும் பழிக்கவில்லை. ஆனால் அறுபது எழுபது வயது ஆட்களைச் சின்னப் பிள்ளைகள் மாதிரி வட்டமாக இருத்திக் கைதட்டச் சொன்னாள். சுவரில் இரண்டு பெரிய கடதாசி ஒட்டினாள். ஒன்றில் தேவை, மற்றதில் ஆசை. ஒவ்வொரு சாமானாகச் சொல்ல, எதில் எழுதுவது என்று நாங்கள் கத்த வேண்டும். அரிசி தேவை. மண்ணெண்ணெய் தேவை. டீவி ஆசை.

சந்தியில் மரக்கறி விற்கிற அன்னப்பூரணி எழும்பினாள். அவளுடைய வாய்க்குப் பூட்டு இன்னும் செய்யவில்லை.

"டீச்சர், நல்லரத்தினம் அண்ணன்ட வெத்திலைய எதில எழுதுற? அது இல்லாட்டி ஆள் பாயால எழும்பாது."

விதுர்ஷா சிரித்துக்கொண்டு ஆசையில் எழுதினாள்.

"அப்ப என்னையும் அந்தப் பக்கமே எழுது புள்ள," என்றேன். "என்னையும் ஒருத்தருக்கும் தேவையில்ல."

சனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மெய்யாகத்தான் சொன்னேன்.

தேத்தண்ணிக்குப் பிறகு பிணைக் கையெழுத்துக்கு வந்தாள். இன்னொருவர் எடுக்கும் கடனுக்கு நீங்கள் பிணை நின்றால், அவர் கட்டாதபோது உங்கள் பொருளைத் தேடி வருவார்கள் என்றாள். அது எனக்குத் தெரியும். அதற்கடுத்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"சொந்தக்காரரெண்டாலும் ஏலாட்டி ஏலாதெண்டு சொல்லணும். முகத்துக்காகக் கையெழுத்து வைக்கப்படா. நேர பாத்து, மரியாதையா, ஒருதரம் இல்லையெண்டு சொல்லுங்க. அதப் பழகத்தான் இப்ப ஒரு சின்ன நாடகம்."

நடுவில் இரண்டு கதிரை போட்டாள். ஒன்று கேட்கிறவருக்கு, மற்றது இல்லை என்று சொல்கிறவருக்கு. சொல்கிற கதிரையில் என்னை இருத்தினாள். முழுசிக்கொண்டிருந்ததற்குத் தண்டனை என்று நினைக்கிறேன். கேட்கிறவர் யார் என்று தேட முதல் கண்ணகை எழும்பி வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

கண்ணகை என் மனுசியின் தங்கை மகள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறாள். மா அரைக்கும் மெஷின் ஒன்றை லீசிங் கம்பனியில் மாதத் தவணைக்கு எடுத்திருந்தாள். நாலு பேர் கூடுகிற இடத்தில் வாய் திறக்காதவள் தானாக எழும்பி வந்தது எனக்குப் புதினமாக இருந்தது.

"பெரியப்பா, ஒரு கையெழுத்து வேணும்," என்றாள்.

"சத்தமாக் கேளுகா!" என்று அன்னப்பூரணி கத்தினாள்.

"மெஷினக் கொண்டுபோகப் போறாங்க பெரியப்பா. வெள்ளத்தில கடையெல்லாம் பூட்டிக் கிடந்த. மூணு தவணை விட்டுட்டன். வியாழக்கிழமை பின்னேரம் லொறியோட வருவாங்களாம். அண்டைக்குக் காலையில காணி உள்ள ஒராள் டவுன் ஒபீசுக்கு வந்து பிணை நிண்டா தவணைய நீட்டித் தருவாங்களாம். உங்கட பேரில படுவான்கரை வட்டையில வயல் இருக்கே."

சனம் கைதட்டியது. நல்லா நடிக்கிறாள் என்று பின்னால் ஒரு குரல்.

"உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது. நான் கட்டிருவன்," என்றாள்.

விதுர்ஷா கையை உயர்த்தி நாடகத்தை நிறுத்தினாள். "கவனிச்சீங்களா? இதத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. நான் கட்டிருவன். இந்தச் சொல்லில மயங்கப்படா."

நான் கண்ணகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன கிழமை இரண்டு தரம் எங்கள் வீட்டுக்கு வந்தவள். மங்கையற்கரசிக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, மழையைப் பற்றியும் தேங்காய் விலையைப் பற்றியும் கதைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பிப் போனாள். இரண்டு தரமும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. இப்போது பிளாஸ்டிக் கதிரையின் கையை அவள் பிடித்திருந்த பிடியில் விரல்கள் வெளுத்திருந்தன. நாடகத்துக்கு யாரும் அப்படிப் பிடிப்பதில்லை.

"இப்ப ஐயா சொல்லுங்க," என்றாள் விதுர்ஷா. "ஒருதரம், மரியாதையா."

"வைக்கிறன்," என்றேன்.

கட்டடம் அதிரச் சிரித்தார்கள். "அண்ணன் பெயில்!" என்றாள் அன்னப்பூரணி.

"ஐயா, இது பழகுறதுக்குத்தானே. இல்லையெண்டு சொல்லிப் பாருங்க."

"நீ பழக்கு. இவள் மெய்யாக் கேக்கிறாள். கண் தெரியல்லையா உனக்கு?"

சிரிப்பு நின்றது. எல்லாரும் கண்ணகையைப் பார்த்தார்கள். அவள் முகம் கறுத்துப் போனது.

"நாடகம் பெரியப்பா! நாடகம்!" என்று கத்தினாள். "ஏன் என்ன இப்பிடிச் சபையில வைச்சு…" மிச்சத்தைச் சொல்லாமல் எழும்பிப் பின்பக்கத்தால் ஓடினாள்.

நான் வாயை மூடியிருக்கலாம் என்று சொல்வீர்கள். மூடியிருந்தால் இன்னொரு தரம் கைதட்டிவிட்டு அடுத்த சோடியைக் கூப்பிட்டிருப்பார்கள். ஒரு மனுசி சபை நடுவில் இருந்து உதவி கேட்கிறாள், அதை ஏமாற்றுப் பேச்சுக்கு உதாரணம் என்று காட்டுகிறார்கள்.

பின்னால் வாவிப் பக்கம் தண்ணீர்த் தாங்கியடியில் கண்ணகை முகம் கழுவிக்கொண்டு நின்றாள். விதுர்ஷாவும் எனக்குப் பின்னால் வந்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க அக்கா, எனக்குத் தெரியாது," என்றாள். பிறகு என்னிடம் திரும்பினாள். "ஐயா, மெய்யான கடனெண்டா இன்னும் யோசிக்கணும். அக்காவால கட்ட ஏலாமப் போனா உங்கட வயல் போகும்."

"தெரியும்."

"உங்கட பிள்ளைகளுக்குத் தெரியுமா?"

"பொம்புளப் புள்ளகள் ரெண்டுக்கும் வீடு கட்டிக் குடுத்தாச்சு. வயல் என்ட."

"அப்ப நீங்களும் உங்கட மனுசியும் எதில சாப்பிடுற?"

"அந்த வயல்லதான்."

அவள் குரலை இறக்கினாள். சண்டைக்கு வராததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "நிக்க வேணாமெண்டு சொல்லல்ல ஐயா. முதல்ல கேளுங்க. பிணை அந்த மூணு தவணைக்கு மட்டுமா, முழுக் கடனுக்குமா? மிச்சம் எவ்வளவு? வியாழக்கிழமை நானும் வாறன்."

"காலையில இல்லையெண்டு சொல்லப் படிப்பிச்சாய். வியாழக்கிழமை வந்து ஓமெண்டு சொல்லப் படிப்பிக்கப் போறியா?"

"டீச்சரும் வரட்டும் பெரியப்பா," என்றாள் கண்ணகை. "கடதாசியில என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும்?"

"எனக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும்."

"வாசிக்கத் தெரியாதே."

என் மனுசியின் இனம் முழுக்க இப்படித்தான். அழுதுகொண்டே குத்துவார்கள்.

"வாறதெண்டா வா," என்றேன் விதுர்ஷாவிடம். "ஆனா அங்கயும் கதிரை போடாத."

பிறகு கண்ணகையைக் கேட்டேன். "வீட்ட ரெண்டுதரம் வந்தாய். அண்டைக்கு ஏன் கேக்கல்ல?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாவியைப் பார்த்தாள். "கேட்டா நீங்க ஓமெண்டு சொல்லிருவீங்க. அந்தப் பயம்தான். இஞ்ச எண்டா இல்லையெண்டுதானே சொல்லணும். எனக்கும் ஒருதரம் வாயால கேட்டதா இருக்கும், உங்கட வயலும் மிஞ்சும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவளில் கோபம், டீச்சரில் கோபம். மூன்று தவணை தவறியதற்கு லொறி அனுப்புகிறவனில் பெரிய கோபம். அவனை ஒருவரும் வகுப்பில் இருத்திக் கைதட்ட வைக்கவில்லையே. மழை பெய்தால் கடை பூட்டும் என்று அவனுக்கு எந்தக் கடதாசியில் எழுதிப் படிப்பிப்பார்கள்?

"ஐயா, பார்சல் எடுத்துக்கொண்டு போங்க. பின்னேரம் சேமிப்பப் பத்திக் கதைக்கிறம்," என்றாள் விதுர்ஷா.

"அதையும் ஆசையில எழுது," என்றுவிட்டு நடந்தேன்.

ஒழுங்கைக்கு வரும்வரை கண்ணகை பின்னால் வந்தாள். வியாழக்கிழமை எத்தனை மணிக்கு என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டேன். ஒன்பது மணிக்கு டவுன் ஒபீசில் நிற்கவேணும் என்றாள். பகல் பஸ்ஸில் போனால் பிந்திவிடும், வெள்ளனப் பஸ்ஸுக்கு வந்து நில் என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு ஒழுங்கை முனையில் நின்றுவிட்டாள்.

டீச்சர் வரட்டும். வாசிக்கட்டும். மூன்று தவணைக்கா முழுவதுக்குமா என்று கேட்கட்டும், நான் குறுக்கே நிற்கமாட்டேன். கையெழுத்து வைக்கத்தான் போகிறேன். ஆனால் அந்த வகுப்பு நல்லது, திரும்ப உள்ளே வா என்று மட்டும் ஒருவரும் என்னைக் கூப்பிட வேண்டாம். கட்டடத்துக்குள் மறுபடி கைதட்டல் கேட்டது. நான் வெயிலுக்குள் இறங்கி நடந்தேன்.